சீட்டைக் காட்டச் சொன்ன பெண்மணி



தேவாரம் கடைவீதியில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். ஏலத்தோட்டக் கூலிக்குச் செல்லும் பெண்களை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு, ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையை நோக்கிப் புறப்படும். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு தூக்குவாளி. இடுப்பில் ஒரு சுருக்குப்பை. தூக்குவாளியில் மதியக் கஞ்சி. சுருக்குப்பையில் வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை. மலைக்குளிருக்கு வாயில் ஓர் அடக்கு வேண்டும் என்பர். அட்டை கடித்த இடத்தில் வைக்கவும் அதே புகையிலைதான் உதவும் என்பர். பத்து வயதில் தாயுடன் மலை ஏறியவள், தாயின் சுருக்குப்பையிலிருந்தே அப்பழக்கத்தையும் எடுத்துக்கொள்வாள்.

அவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காய் எடுத்த ஒரு தாயைச் சில ஆண்டுகளுக்கு முன் அவரது இல்லத்தில் காணச் சென்றேன். கன்னத்தின் உட்புறம் புண்ணாகி, மதுரைக்குக் கொண்டுபோய், காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். பேசுவதே அவருக்குப் பெருந்துன்பம். புகையிலையால் வந்த நோய் இது என்று மருத்துவர் கூறியதை மகன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தாய் என் பக்கம் திரும்பி மிகவும் சிரமப்பட்டு, "கெட்டதா இருந்தா சர்க்கார் கடையிலே விக்க விடுமா, சாமி?" என்று கேட்டார்.

நான் பதில் கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. குருமடத்தில் தத்துவமும் இறையியலுமாகப் பல ஆண்டுகள் பயின்றவனுக்கு, எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் ஒற்றைக் கேள்விக்கு விடை இல்லை. அவர் அடக்கம் முடிந்த பின்னரும் அக்கேள்வி என்னை விடவில்லை. புகையிலையைப் பற்றி எந்த அரசு எப்பொழுது என்ன செய்தது என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில்தான், முற்றிலும் வேறொரு காரணத்திற்காக என் பள்ளிப் பருவத்தில் கேட்டிருந்த ஒரு பெயரை எதிர்பாராத விதமாக மீண்டும் கண்டேன். அப்பெயர் சித்ரா சுப்பிரமணியம்.

அப்பெயரை மறந்தவர்களும், 'போபர்ஸ்' என்ற சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். 1986 மார்ச் 24 ஆம் நாள், நம் இராணுவத்திற்காக 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410 வாங்குவதற்குச் சுவீடன் நாட்டின் போபர்ஸ் நிறுவனத்துடன் இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய். இடைத்தரகர் எவரும் கூடாது என்பது அரசு விதித்திருந்த நிபந்தனை. ஓராண்டு கழிந்து, 1987 ஏப்ரல் 16 ஆம் நாள், இந்த வியாபாரத்தில் இலஞ்சம் கைமாறியது என்று சுவீடன் நாட்டு வானொலி அறிவித்தது. அந்த நாள் பெரிய வியாழன். முப்பது வெள்ளிக்காசைப் பற்றிய வாசகம் ஆலயங்களில் ஒலிக்கும் வாரத்தில் அச்செய்தி வந்தது என்பதைப் பிற்காலத்தில் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

அந்நாளில் நான் இளங்குருமட மாணவன். விடுமுறைக்கு ஊர் வந்தபோது தேநீர்க் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, பத்துப் பேர் சூழ்ந்து கேட்பர். பீரங்கியைக் கண்ணால் கண்டவர் அங்கே ஒருவரும் இலர். ஆயினும் சீட்டுப் பணத்தில் குளறுபடி செய்தவனையும், எடைக்கல்லில் கள்ளம் செய்தவனையும் 'அவன் பெரிய போபர்ஸ்' என்று ஏளனம் செய்யும் அளவுக்கு அச்சொல் எங்கள் ஊர்வழக்கில் கலந்துவிட்டது. யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவரிடமும் ஆதாரம் இல்லை.

அந்த ஆதாரத்தைத் தேடிப் புறப்பட்டவர்தான் சித்ரா அம்மையார். பத்திரிகைத் துறையில் பயின்று, 'இந்தியா டுடே' இதழில் பணியாற்றி, பின் திருமணமாகிச் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் குடியேறியவர். அங்கிருந்து 'இந்து' ஆங்கில நாளேட்டுக்குச் செய்தி அனுப்பிவந்தார். அலுவலகமும் சிப்பந்திகளும் கொண்ட பெரிய நிருபர் என்று எண்ண வேண்டாம். பகுதிநேரமாக எழுதிவந்த ஓர் இளந்தாய் அவர். சுவீடனுக்கும் ஜெனீவாவுக்குமாக அலைந்து, வாய்ச்சொல்லாகக் கேட்டதை எழுதாமல், தாளைக் கண்ணால் கண்ட பின்னரே எழுதுவது என்ற ஒரு விரதத்தை அவர் மேற்கொண்டார் எனலாம். எங்கள் மலையில் விவரமறிந்த தொழிலாளி, கங்காணி வாயால் சொல்லும் எடையை நம்பாமல், "சீட்டைக் காட்டு" என்று கேட்பதில்லையா? அதே கேள்விதான்.

சுவீடனில் போபர்ஸ் விசாரணைக்குத் தலைமை தாங்கிய காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். அவர் கைப்பற்றிய ஆவணங்களில் 350 க்கும் மேற்பட்டவை சித்ரா அம்மையாரின் கைக்கு வந்தன. வங்கிகளுக்கு அனுப்பிய பணக் கட்டளைகள், இரகசிய ஒப்பந்தங்கள், கூட்டக் குறிப்புகள், நிறுவனத்தின் தலைவர் மார்ட்டின் ஆர்த்போவின் நாட்குறிப்பு என்று பலவகை. தரகுப் பணம் சென்ற வழிகளுக்குத் 'தாமரை' என்றும் 'துலிப்' என்றும் மலர்களின் பெயரைச் சூட்டியிருந்தார்களாம்! திருட்டுக்கு இத்தனை அழகான பெயர்கள் வைக்கும் கலையை நம் ஊர்க் களவாணிகள் இன்னும் கற்கவில்லை.

அத்தாள்கள் எவ்வாறு பேசின என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். 'ஏ.இ. சர்வீசஸ்' என்ற ஓர் ஆங்கிலேய நிறுவனத்துடன் போபர்ஸ் 1985 நவம்பர் 15 ஆம் நாள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 1986 மார்ச் 31 ஆம் தேதிக்குள் இந்திய ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் அந்நிறுவனத்திற்கு நூற்றுக்கு 3 வீதம் தரகு உண்டு. தேதி கடந்தால் ஒன்றும் இல்லை. வாசகர்களே, மேலே நான் கூறிய ஒப்பந்தத் தேதியை மீண்டும் பாருங்கள். மார்ச் 24. கெடு முடிய ஒரே ஒரு வாரம் இருக்கையில் கையெழுத்து விழுந்தது! அதே ஆண்டு செப்டம்பரில் 73 இலட்சம் டாலர் அந்த நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்டது. அப்பணம் அங்கிருந்து நகர்ந்து, ஒட்டாவியோ குவாத்ரோக்கி என்ற இத்தாலிய வணிகரோடு தொடர்புடைய கணக்கைச் சென்றடைந்தது என்பது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிப்பட்டது. இரு தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுமை ஒருவருக்கு இருந்தால் போதும். ஆவேசமான சொற்கள் எவையும் வேண்டியதில்லை.

1987 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட பாராளுமன்றக் கூட்டுக்குழு, இடைத்தரகர் இருந்ததற்கும் இலஞ்சம் கொடுக்கப்பட்டதற்கும் சான்று இல்லை என்ற முடிவோடு 1988 ஏப்ரலில் தன் அறிக்கையை வைத்தது. அதே ஆண்டில் 'இந்து' நாளேடு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. சுவீடிய மொழித் தாள்களின் நகலையே பக்கத்தில் அச்சிட்டு, அருகில் பொருளையும் விளக்கத்தையும் தந்தது. இணை ஆசிரியராக இருந்த திரு என். ராம் சென்னையிலிருந்தும், சித்ரா அம்மையார் ஜெனீவாவிலிருந்தும் இப்பணியை நடத்தினர். அடுத்த ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில், 400 க்கும் மேற்பட்ட இடங்களோடு ஆட்சியில் இருந்த காங்கிரஸ் கட்சி 197 இடங்களுக்கு இறங்கியது. அத்தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் போபர்ஸ் அவற்றுள் முதன்மையானது என்பதை மறுப்பவர் குறைவு.

ஆனால் தேர்தலுக்குச் சற்று முன், 1989 அக்டோபரில், அந்த நாளேட்டிலேயே இத்தொடரின் வெளியீடு நிறுத்தப்பட்டது. திரு ராம் தம் கருத்து வேறுபாட்டை வெளிப்படையாக அறிவித்தார். சித்ரா அம்மையார் விலகினார். எஞ்சிய ஆவணங்களை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வழியாகவும் பின்னர் 'ஸ்டேட்ஸ்மன்' வழியாகவும் வெளிக்கொணர்ந்தார். தன் பெயருக்குப் புகழ் தேடித்தந்த இடத்தை, பணி தடைப்பட்டது என்ற காரணத்திற்காக விட்டு வெளியேறுவது எளிதன்று. நம்மில் பலர் மனச்சான்றோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுவோம். இதைப் பிறரைக் குறைகூறும் எண்ணத்தில் எழுதவில்லை, என்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உலகில் இதனினும் கொடிய விலை கொடுத்தவர்கள் உண்டு. போபர்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1986 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள், நைஜீரியா நாட்டின் லாகோஸ் நகரில், 'நியூஸ்வாட்ச்' இதழின் ஆசிரியர் டெலே கிவா தம் இல்லத்திற்கு வந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அதில் இருந்தது வெடிகுண்டு. அவர் உயிரிழந்தார். அத்தகைய காலத்தில்தான் ஜெனீவாவில் ஒரு பெண் இந்தத் தாள்களை வீட்டில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

மற்றொரு விலையும் இருந்தது. ஆவணங்களைத் தந்தவர் யார் என்பதை அவர் எவரிடமும் கூறவில்லை. ஓராண்டு, ஈராண்டு அன்று. 2012 ஏப்ரலில் லிண்ட்ஸ்ட்ரோம் தாமே முன்வந்து, "நான்தான்" என்று உலகுக்கு அறிவிக்கும் வரையில், அப்பெயர் சித்ரா அம்மையாரின் வாயிலிருந்து வரவில்லை. இரகசியம் காப்பது எங்கள் அழைத்தலின் ஒரு பகுதி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைக் காக்கத் திருச்சபையின் சட்டமும் அதன் அருளும் எங்களுக்குத் துணை நிற்கின்றன. அத்தகைய சட்டம் எதுவும் பிணைக்காத ஒருவர், ஏறத்தாழ கால் நூற்றாண்டு வாய் காத்தார் என்பதை வாசித்தபோது எனக்கு மரியாதையோடு சற்று நாணமும் தோன்றியது.

அந்த 2012 ஆம் ஆண்டுப் பேட்டியில் லிண்ட்ஸ்ட்ரோம் கூறிய இரு செய்திகளைத் தேநீர்க் கடையில் அன்று கூடியிருந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்ட விரும்புகிறேன். அவர்களுள் பலர் இன்று இல்லை. முதலாவது, அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி பணம் பெற்றார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆயினும் உண்மை மூடி மறைக்கப்படுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் கூறினார். இரண்டாவது, நடிகர் அமிதாப் பச்சனின் பெயர் இவ்விவகாரத்தில் வேண்டுமென்றே நுழைக்கப்பட்டது. அவருக்கு எதிராக ஒன்றும் கிடைக்கவில்லை. குற்றமற்ற ஒரு குடும்பம் அத்தனை ஆண்டுகள் அப்பழியைச் சுமந்தது. 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்ற கட்டளையை மனப்பாடமாக ஒப்புவித்துவிட்டு, அன்று நானும் அக்கதையைப் பிறருக்குச் சொன்னேன்.

வழக்கு என்ன ஆயிற்று? மத்தியப் புலனாய்வுத் துறை 1990 இல் வழக்குப் பதிந்து, 1999 இல் குற்றப்பத்திரிகை வைத்தது. அதே 1999 இல் கார்கில் மலைகளில் அந்தப் பீரங்கிகள் நன்றாகவே வேலை செய்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்; பொருளில் குறை இல்லை, வாங்கிய வழியில்தான் குறை. 2004 பிப்ரவரி முதல் வாரத்தில் டில்லி உயர்நீதிமன்றம், மறைந்த ராஜீவ் காந்தி மீதும் அரசு அதிகாரிகள் மீதும் கூறப்பட்ட இலஞ்சக் குற்றச்சாட்டை நீக்கியது. 2005 இல் தொழிலதிபர்கள் மீதான குற்றச்சாட்டுகளும் நீக்கப்பட்டன. 2011 இல் குவாத்ரோக்கி மீதான வழக்கும் முடிக்கப்பட்டது. 2013 இல் அவர் மிலான் நகரில் காலமானார். 2018 இல் உச்சநீதிமன்றம், புலனாய்வுத் துறையின் மேல்முறையீட்டைக் காலதாமதம் காரணமாகத் தள்ளியது. தரகு கொடுக்கப்பட்டது என்பதைத் தாள்கள் காட்டின; ஆனால் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இவ்வளவுதானா என்று வாசகர் பெருமூச்சு விடலாம். நானும் இத்துடன் ஏட்டை மூடியிருப்பேன், புகையிலையைப் பற்றித் தேடாதிருந்தால்.

1998 இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை, நார்வே நாட்டின் முன்னாள் பிரதமரும் மருத்துவருமான குரோ ஹார்லம் புருந்த்லாந்து அம்மையார் ஏற்றார். புகையிலையை உலகளவில் கட்டுப்படுத்த ஒரு தனி முயற்சியை அவர் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஜெனீவாவில்தான் உள்ளது. சித்ரா அம்மையார் அம்முயற்சியில் சேர்ந்து, பின்னர் உருவான உலக உடன்படிக்கைக்கு அடித்தளம் இட்ட குழுவில் ஒருவராகப் பணியாற்றினார். அதன்பின் பொதுநலக் கொள்கைகள் குறித்து ஆலோசனை கூறும் ஒரு நிறுவனத்தையும் ஜெனீவாவில் நிறுவினார். பீரங்கிக்கும் புகையிலைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. மேலும் வாசித்தபோது விளங்கிற்று.

புகையிலைக்கு எதிரான போர் அன்று புதிய திருப்பம் ஒன்றை அடைந்திருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் சிகரெட் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு 1998 மே மாதம் சமரசத்தில் முடிந்தபோது, அந்நிறுவனங்களின் சொந்தக் கோப்புகள், ஏறத்தாழ 3.5 கோடிப் பக்கங்கள், பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. மீண்டும் தாள்கள்! புற்றுநோய் பற்றி அந்நிறுவனங்கள் வெளியே ஒன்று கூறி, உள்ளே வேறொன்று அறிந்திருந்தன என்பதை அவை காட்டின. புருந்த்லாந்து அம்மையார், சுவிட்சர்லாந்தின் பொதுச் சுகாதார அதிகாரி தாமஸ் செல்ட்னர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து அக்கோப்புகளை ஆராயச் செய்தார். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வறிக்கை, உலக சுகாதார நிறுவனத்தின் பணியையே புகையிலைக் கம்பெனிகள் பல ஆண்டுகளாக உள்ளிருந்து குலைக்க முயன்றன என்றும், தங்களிடம் பணம் பெறும் ஆலோசகர்கள் அத்தொடர்பை மறைத்துப் பணியாற்றினர் என்றும் கண்டது. பெயரை மறைத்துக்கொண்ட இடைத்தரகர்! போபர்ஸ் தாள்களில் நாம் கண்ட அதே மனிதர், வேறு சட்டை அணிந்து வந்திருந்தார்.

2003 மே 21 ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை அந்த உடன்படிக்கையை ஒருமனதாக ஏற்றது. அந்நிறுவனத்தின் வழியாக உருவான முதல் உலக உடன்படிக்கை அதுவே. இன்று 180 க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. அதில் 5.3 என்ற ஒரு பிரிவு இருக்கிறது. சுகாதாரக் கொள்கை வகுக்கும்போது புகையிலைத் தொழிலின் வியாபார நலன்கள் உள்ளே நுழையாமல் அரசுகள் காக்க வேண்டும் என்பது அதன் பொருள். கம்பெனிகளின் கோப்புகளை எவரும் படித்திராவிட்டால், அப்படி ஒரு பிரிவு தேவை என்பதே எவருக்கும் தோன்றியிராது.

இந்தியா அந்த உடன்படிக்கையை உறுதிசெய்தது 2004 பிப்ரவரி 5 ஆம் நாள். டில்லி நீதிமன்றத்தில் போபர்ஸ் இலஞ்சக் குற்றச்சாட்டு சரிந்த அதே வாரம்! ஒரு பெண்மணியின் பதினேழாண்டு உழைப்பு ஒரு நகரில் சரிய, அவர் கைகொடுத்த மற்றொரு பணி அதே வாரத்தில் நம் நாட்டின் கடமையாக ஏறி நின்றது.

அந்த உடன்படிக்கைக்குத் துணையாக நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலை விற்கலாகாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்திற்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்கலாகாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை கடுமையாயிற்று. 2009 மே 31 முதல் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016 ஏப்ரல் முதல் அப்படம் பொட்டலத்தின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை அடைத்தது. எழுத்தறியாதவருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே படம். தேசிய அளவிலான கணக்கெடுப்புகளின்படி, 2009-10 இல் வயதுவந்தோருள் நூற்றுக்கு 34.6 பேர் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016-17 இல் அது 28.6 ஆகக் குறைந்தது. கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் ஆறு பங்கு என்பது சிறு தொகை அன்று.

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை பயிரிட்டுப் பிழைக்கும் உறவினர் நம் வாசகர்களுள் பலருக்கு உண்டு என்பதை அறிவேன். அவர்களைப் பட்டினி போட வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை கூறவில்லை. பயிரிடுவோருக்கும் தொழிலாளருக்கும் மாற்றுப் பிழைப்புக்கு உதவ வேண்டும் என்று 17 ஆம் பிரிவு கூறுகிறது. அப்பிரிவைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை.

ஆகவே அத்தாயின் கேள்விக்கு எனக்கு இப்பொழுது ஒரு விடை உண்டு. ஆம் அம்மா, கெட்டது என்று தெரிந்தும் விற்க விட்டார்கள். தெரிந்தவர்கள் அதை மறைத்தார்கள். மறைத்த தாள்களைச் சிலர் எடுத்துப் படித்தார்கள். அதன் பின்னரே சட்டம் வந்தது. நீங்கள் முதன்முதல் சுருக்குப்பையில் கைவிட்ட நாளில் அத்தாள்கள் பூட்டிய அறையில் இருந்தன. இவ்விடையை அவரிடம் கூற முடியாதது என் வருத்தம்.

சித்ரா அம்மையார் எழுதுவதை நிறுத்தவில்லை. 2014 இல் 'நியூஸ் மினிட்' என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். 2025 இல் போபர்ஸ் பற்றி மீண்டும் ஒரு நூல் வெளியிட்டுள்ளார். மூடிய வழக்கின் தாள்களை அவர் இன்னும் மூடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கு அருகே ஒரு பெட்டிக்கடை உள்ளது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, பங்கின் இளைஞர் நால்வரோடு அளவு நாடாவைப் பிடித்துப் பள்ளி வாயிலிலிருந்து அளந்தேன். 58 மீட்டர். கடைக்காரர் எனக்கு நன்கு அறிமுகமானவர், சட்டத்தைக் கூறினேன், தாளில் அச்சிட்டும் கொடுத்தேன். "சரிங்க ஃபாதர், எடுத்துடுறேன்" என்று அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தொங்கிக்கொண்டிருந்த புகையிலைச் சரங்கள் அன்றே உள்ளே போயின. ஒன்பது நாட்களுக்குப் பின் அவை மீண்டும் வெளியே வந்தன. இரண்டு தேதிகளையும் என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அளந்த தூரத்தையும் எழுதி, நால்வரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை உத்தமபாளையம் செல்லும்போது அத்தாளை உடன் எடுத்துச் செல்வேன்.